எல்லா வரன்களுக்கும் ஒரே முகம்

நான் எழுதும் புரோகிராமில் தப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். கோச்சடையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் என் நிறுவனம். உரக்கடை, ஸ்கேன் சென்டர், அரிசி மண்டி என்று யார் கேட்டாலும், அவர்களுடைய மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுப்பேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் கிளவுட், ஆப் என்று ஏறிக்கொண்டே இருக்க, நான் மேசையைவிட்டு இறங்கவே இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால், நெட் போனால் உங்கள் கம்பெனியே படுத்துவிடும், என்னுடையது ஓடும் என்று வீம்பாகச் சொல்வேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. திருமங்கலத்து அக்கா என்னைக் கூப்பிட்டது அந்த விஷயமாக அல்ல, வேலை விஷயமாகத்தான்.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையின் மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்தினார். அதற்கு முன் இருபது வருடம் காப்பீட்டு முகவராக ஊர் ஊராக அலைந்தவர். அந்தப் பக்கத்து வீடுகளில் யாருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் பெயிலானது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. அவர் கையால் பதிந்த ஜாதகம் வருடம் திரும்புவதற்குள் பத்திரிகையாக அடித்து வரும் என்பார்கள். அவரும் அதை நம்பினார். அந்தக் கையை நம்பித்தான் அந்த மாடிக்கு ஆட்கள் ஏறி வந்தார்கள்.

அவரிடம் ஒரு கறாரான விதி இருந்தது. ஸ்டுடியோவில் எடுத்த படத்தை வாங்கவே மாட்டார். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் படத்தை ஸ்டுடியோக்காரர் வெளுத்து, பருவை எடுத்து, பின்னால் ஒரு அருவியையும் ஓடவிட்டுக் கொடுத்திருக்கிறார். பெண் பார்க்கப் போன அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று மாப்பிள்ளையிடமே கேட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை தீர ஆறு மாதம் ஆனது. அன்றிலிருந்து நேரில் வர வேண்டும், அக்கா எதிரில் ஸ்டூலில் உட்கார வேண்டும், அக்காவே கேமராவில் எடுப்பார். அந்தப் படம் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய்விட வேண்டும், வெளியே ஒரு பிரதிகூட இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் படம் கண்ட போனுக்குப் போகக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. இதற்குத்தான் என்னிடம் புரோகிராம் கேட்டார்.

இது தொழில் தெரிந்தவர்களுக்கு நாலு வரி வேலை. கேமரா எடுத்த படம் முதலில் கம்ப்யூட்டரின் மெமரியில்தான் இருக்கும். திரையில் நன்றாகத் தெரியும், ஆனால் புரோகிராமை மூடினால் போய்விடும். நிரந்தரமாக வைக்க வேண்டுமென்றால் டேட்டாபேஸுக்குள் போட வேண்டும். டேட்டாபேஸுக்கு மூக்கும் தெரியாது, முழியும் தெரியாது. அதற்கு எண்கள் வேண்டும். ஆகவே படத்தை மெமரியிலேயே இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, பைட்டுகள் என்கிற எண் வரிசையாக மாற்றி, அந்த வரிசையை உள்ளே கொடுக்க வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அதே எண்களை எடுத்துப் படமாக்கிக்கொள்ளலாம். நானும் நாலு வரிதான் எழுதினேன்.

எழுதிவிட்டுச் சோதித்தும் பார்த்தேன். மாடி அறையில் வேறு ஆள் கிடையாது என்பதால் என் முகத்தையே எடுத்தேன். சேமித்தேன், திறந்தேன், என் முகம் வந்தது. இன்னொரு பதிவில் போட்டேன், அதிலும் என் முகம் வந்தது. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் நானே வந்தேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, கம்பீரமாகத் திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன்.

புரோகிராமை அக்காவின் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், யாரை முதலில் பதிவது என்ற கேள்வி வந்தது. அக்கா யோசிக்கவே இல்லை. பேப்பரில் எது எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுகிறவர், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுவாரா? முதல் பதிவு பிள்ளையாருக்கு என்றார். சுவரிலிருந்த காலண்டர் பிள்ளையாரைக் கழற்றி ஸ்டூலில் உட்கார வைத்து, கேமராவை நேராக்கி, படம் எடுத்தார். ஆனால் நான் எழுதிய புரோகிராம் காலிக் கட்டங்களை ஏற்றுக்கொள்ளாது. எனவே படிப்பு என்ற இடத்தில் 'சகலமும்' என்று அடித்தார். தொழில், விக்கினம் தீர்த்தல். உயரம், மூன்று அடி. எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில், அம்மாவைப் போல் பெண். செல்போன் எண் இல்லாமல் அது நகர மறுத்ததால் தன்னுடைய எண்ணையே கொடுத்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது, ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சிரத்தை இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மூடினாலும் பிள்ளையார் போகமாட்டார் என்று காட்ட, புரோகிராமை ஒருமுறை மூடித் திறந்தேன். இரண்டாவது பதிவு நான். சோதனைக்கு எடுத்த படம்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே, மற்றதையும் நிரப்பிவிடலாம் என்று அக்காவே நிரப்பினார். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொருவரையும் பற்றி அக்கா தன் வாயால் சொல்லும் நற்சாட்சி அது. பெண் வீட்டார் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் கேட்பார்கள். எனக்கு அவர் எழுதியது, 'வேலையில் தப்பே செய்யாத பிள்ளை'. பஸ்ஸில் திரும்பும்போது அதை நாலைந்து தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தேன்.

அடுத்த மூன்று வாரம் அக்கா தினமும் பதிந்தார். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வரன் பார்க்கும் கூட்டம் ஒன்றுக்கு மண்டபம் பிடித்திருந்தார். திரை கட்டி, ஒவ்வொருவரின் படமாகப் போட்டு, குறிப்பை மைக்கில் படிப்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் காலையில் விளக்கேற்றி, கம்ப்யூட்டரைப் போட்டு, பிள்ளையாரின் பதிவைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் 'சேமி' பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் அன்றைய முதல் ஆளைக் கூப்பிடுவார். அது அவருக்குக் கும்பிடு மாதிரி. இந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை, அக்கா போன் செய்தார். குரல் சரியாக இல்லை.

"தம்பி, கொஞ்சம் வாரீகளா. நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

போனேன். அக்கா ஒரு பதிவைத் திறந்தார். கப்பலூர்ப் பக்கத்து விவசாயி, வயது முப்பத்தாறு, உயரம் ஐந்தே முக்கால் அடி. படம், பிள்ளையார். அடுத்தது ஒரு நர்ஸ் பெண். பிள்ளையார். அடுத்தது பி.எட். படித்த பெண், உண்டு இல்லை என்று பேசக்கூடியவள் என்று அக்கா சொன்னார். அவளும் பிள்ளையார்தான். அக்காவின் கம்ப்யூட்டர் பழையது என்பதால், வேகத்துக்காகப் படத்தை நான் தனிப் பொத்தானில் வைத்திருந்தேன். முகங்கள் எல்லாம் ஞாபகத்திலேயே இருந்ததால் அக்கா அந்தப் பொத்தானை அழுத்தவே இல்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை அழுத்தியிருக்கிறார். ஒரு பையனின் இடத்தில் பிள்ளையார் தெரிந்ததும், அருள் வந்துவிட்டது, இந்த மாதமே அமைந்துவிடும் என்று அவன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார். அந்த அம்மா தேங்காய் உடைத்தாராம். இன்றைக்கு மண்டபத்துக்காக ஒவ்வொன்றாகத் திறந்தபோதுதான் நூற்று முப்பத்தேழு பதிவும் இதே கதி என்று தெரிந்திருக்கிறது. இருந்த படங்கள் அவ்வளவுதான். வேறு பிரதி எங்கும் கிடையாது.

அக்காவுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அரசமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற சாமியை வரன் பட்டியலில் சேர்த்துவிட்டார். அது போதாதென்று என் புரோகிராம் பொருத்தம் பார்த்து, அவருக்கு ஏற்ற பெண்கள் பதினான்கு பேர் என்று ஒரு பட்டியல் வேறு போட்டிருந்தது. தெருமுனைக் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். குருக்களுக்கு இப்படி ஒரு பிராது வந்ததே இல்லையாம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நூற்றெட்டுச் சிதறுகாயும், ஞாயிறு மத்தியானம் வரை பாலும் பழமும் மட்டும் என்று விரதமும் சொல்லியிருக்கிறார். அதற்குள் முகங்கள் திரும்பி வராவிட்டால் கூட்டத்தை நிறுத்திவிடுவதாக அக்கா முடிவு செய்திருந்தார். சொல்லும்போது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் பிள்ளையார் நின்றுபோய், கருகருவென்று மீசை வைத்த ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி வந்தார். அது அவருடைய பதிவுதான், சரி. அவருக்குப் பின்னால் அன்று பதிந்த ஐந்து பெண்களுக்கும் அதே மீசை. இதுவும் பிள்ளையாரா என்று கேட்டேன். அவர் எந்த ரூபத்திலும் வருவார் என்று அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். அன்றைக்கு வேறு ஏதாவது நடந்ததா என்று விசாரித்தேன். மத்தியானம் கரண்ட் போனது, மறுபடி போட்டபோது முதலில் பதிந்தது இந்த மீசைக்காரரைத்தான் என்றார்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. படத்தை ஊற்றுகிற பாத்திரம் என்று சொன்னேன் அல்லவா, அதை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டும், அல்லது கழுவிவிட்டாவது ஊற்ற வேண்டும். நான் சிக்கனம் பார்த்து நாள் முழுவதற்கும் ஒரே பாத்திரத்தை வைத்துவிட்டேன். காலையில் பிள்ளையார் உள்ளே போவார். அடுத்து வருகிறவர் அவருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வார். அதற்கடுத்தவர் அவருக்கும் பின்னால். படத்தைத் திறக்கும் கம்ப்யூட்டரோ முன்னாலிருந்து படிக்கும், முதல் படம் முடிந்ததும் போதும் என்று நிறுத்திவிடும். சைஸைப் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயிருந்தது. நாள் முடிவில் கடைசியாகப் பதிந்த ஒல்லியான பெண் ஒருத்தி, அன்றைக்கு மாடி ஏறிய அத்தனை பேரையும் சுமந்துகொண்டிருந்தாள். மாடி அறையில் என் முகத்தை என் முகத்துக்குப் பின்னாலேயே பத்துத் தடவை அடுக்கிவிட்டு நான் சபாஷ் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்த டேட்டாபேஸில் ஒழுங்கான முகத்தோடு இருந்தது மூன்றே பேர்தான். பிள்ளையார், மீசைக்காரர், நான். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. யாருடைய படமும் தொலையவில்லை. ஒவ்வொரு பதிவின் வாலிலும் அவரவர் முகம் பத்திரமாக இருந்தது. அக்கா, தப்பு என்னுடையது, படமெல்லாம் உள்ளே இருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் என்னுடைய பதிவு திறந்திருந்தது. வேலையில் தப்பே செய்யாத பிள்ளை. நான், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டேட்டாபேஸைப் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை பாத்திரத்தைச் சரி செய்தேன். அதற்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது. பிறகு முகங்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். இந்த வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரண்டு எண்களோடுதான் தொடங்கும். ஒவ்வொரு பதிவையும் வாலிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே வந்து, அந்த இரண்டு எண்கள் முதலில் தென்படுகிற இடத்தில் வெட்டினால், வால் பக்கம் கிடைப்பது அந்த ஆளுடைய முகம். கப்பலூர் விவசாயி வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நர்ஸ் வந்தாள். பி.எட். பெண் கேமராவை முறைத்துக்கொண்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நூற்று முப்பத்தேழு பேரும் வந்துவிட்டார்கள். நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவரே செய்தார். பசி பழகிவிட்டது, ஆனால் தலை சுற்றுகிறது என்றார். வேண்டிக்கங்க அக்கா, சரியாயிரும் என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போய்ச் சரியான டேட்டாபேஸை ஏற்றினேன். திறந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா விவசாயியைத் திறந்தார், விவசாயி. நர்ஸைத் திறந்தார், நர்ஸ். மீசை போட்டிருந்த ஐந்து பெண்களும் மீசை இல்லாமல் வந்தார்கள். அக்கா எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஏத்துக்கிட்டாரு தம்பி," என்றார்.

இப்போது நான் வாயே திறக்க வேண்டாம். பழியையும் புகழையும் பிள்ளையாரே எடுத்துக்கொண்டார். என் குறிப்பும் பத்திரம். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அப்போது அக்கா சொன்னார்.

"நாளைக்கு மேடையில எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு, இதோட கடையைச் சாத்திக்கிறேன். அம்புட்டுப் பிள்ளைக மூஞ்சியையும் அழிச்ச கை இது. இதுல இனி ராசி இல்ல."

நான் பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"அக்கா, அழிச்சது உங்க கை இல்ல. என் கை."

அவர் நம்பவில்லை. தனக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்து, நல்ல மனசு என்று வேறு சொன்னார். எனக்கு அது அடி விழுந்ததைவிட வலித்தது. பழைய புரோகிராமை எடுத்து அவர் கண்ணெதிரே ஓடவிட்டேன். பிள்ளையாரைத் தொடவே இல்லை. முதலில் மீசைக்காரரைச் சேமித்தேன். பிறகு அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்துப் படம் எடுத்துச் சேமித்தேன். அக்காவின் பதிவைத் திறந்தேன். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் கருகருவென்று மீசை. புதிய புரோகிராமில் அதையே மறுபடி செய்து காட்டினேன். அக்கா அக்காவாகவே வந்தார். பாத்திரத்தையும் விளக்கினேன். கழுவாத பாத்திரம் என்று சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

திரையிலிருந்த மீசையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?" என்றார்.

இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"புதன்கிழமைக்கா. இங்க உக்காந்திருந்தப்பவே."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். மூன்று நாள். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. தண்ணீர் குடித்தார். சாப்பிடுங்கள் அக்கா, விரதம்தான் தேவையில்லையே என்றேன். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான், அதை நாளை மத்தியானம்தான் முடிக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். திருவாதவூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அக்கா மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக வர வர, மைக்கில் குறிப்பைச் சொன்னார். கடையைச் சாத்துவதைப் பற்றிப் பேச்சே இல்லை. விவசாயிக்கு மூன்று வீட்டார் கை தூக்கினார்கள். பெயர் வரிசையில் நூறைத் தாண்டியதும் என் படம் வந்தது. அவ்வளவு பெரிதாக என் மூக்கை நான் பார்த்ததே இல்லை. படிப்பு, வயது, கோச்சடையில் சொந்த வீடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார். தாளைப் பார்க்கவில்லை. ஓரத்தில் கம்ப்யூட்டரோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"குறிப்பு. தப்புப் பண்ணுவாரு. மூணு நாள் கழிச்சு அவரா வந்து சொல்லிருவாரு."

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒரு கையும் உயரவில்லை. அடுத்த படத்துக்கு மாற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை, அக்காதான் ஜாடை காட்டினார். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதால் கோபப்படவும் வழியில்லை.

பந்தி போட்டார்கள். வயரைச் சுருட்டுகிற சாக்கில் நான் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா தேடிக்கொண்டு வந்தார். நாலு நாளில் கழுத்தெலும்பு தெரிந்தது.

"மூணு நாள் எதுக்குச் சொல்லாம இருந்தீக?"

"நான் தப்பே பண்ண மாட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தீகள்ல. அது போயிருமேன்னு பயமா இருந்துச்சுக்கா."

"இப்பப் போயிருச்சுல்ல?"

"போயிருச்சு."

"அப்ப வந்து உக்காந்து சாப்பிடுங்க."

போய் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சோற்றைப் பிசைந்தார்.